யாருடைய வாளி

எங்கள் ஊர் அக்கர்ஷாவில் வாரம் ஒருமுறை செய்தித்தாள் வருகிறது. அதில் அச்சாவதற்குள் செய்தி என் கடையில் வறுபட்டு, உப்பும் வினிகரும் தூவப்பட்டு, பொட்டலமாகக் கைமாறி, ஆறியும் போயிருக்கும். மீன் வறுக்கும் கடையின் ராசி அப்படி. மாவில் தோய்ந்த மீன் கொழுப்பில் விழுந்து நிறம் மாறி மேலே மிதக்க எடுத்துக்கொள்ளும் நேரமும், ஒருத்தி தன் மருமகளைப் பற்றிச் சொல்லி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒன்றுதான். நானாக யாரையும் எதுவும் கேட்பதில்லை. வினிகர் போடவா என்று மட்டும் கேட்பேன். மற்றதெல்லாம் தானாக வரும்.

எதிர்வரிசை டெஸ் ஆர்மராட் வீடடங்கிப் போன கதையும் அப்படித் தானாக வந்ததுதான்.

வீடடங்கி என்பது தெரு வைத்த பெயர். மருத்துவத் துறையின் விதியைக் கேட்டு நாங்கள் சுருக்கி வைத்துக்கொண்டது. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு மட்டுமே நர்சு வீடு தேடி வருவாள். ஒருநாள் நாவிதரிடம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் நீங்கள் வீடடங்கி இல்லை. நர்சு வரமாட்டாள்.

டெஸ் ஆயுசு முழுக்கச் செருப்பு ஆலையில் நின்றவர். வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கே அதைத்தான் செய்தது. ஊர் உலகமெல்லாம் கால் நீட்டி உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும் என்று இவர் கான்கிரீட் தரையில் நின்றே காலத்தைக் கழித்தார். அதற்குக் கிடைத்த பரிசு, காலில் திராட்சைக் கொடி மாதிரி புடைத்துக்கொண்ட நரம்புகள். ஆலை மூடியதும் தெருக்கோடியில் இருக்கிற பந்து உருட்டி விளையாடும் புல்தரையைப் பிடித்துக்கொண்டார். கவிழ்த்துவைத்த தட்டு மாதிரி நடுவில் லேசாக மேடேறிய தரை. அதில் பந்து நேராகப் போகாது. எங்கள் ஊர் ஆட்களைப் போல வளைந்துதான் இடத்துக்கு வரும். அந்தப் புல்லை வெட்டுவது, சீவுவது, உருளை போட்டு அமுக்குவது எல்லாம் டெஸ்தான். அப்படி உருளையை இழுக்கும்போது கெண்டைக்காலில் ஒரு சிராய்ப்பு. பொத்தான் அளவுதான் இருந்தது. நரம்பு கெட்ட கால் இல்லையா, ஆறவில்லை. பொத்தான் பிஸ்கட் ஆயிற்று, பிஸ்கட் உள்ளங்கை ஆயிற்று. கட்டு போட கெய்னர் என்ற நர்சு வாரத்தில் இரண்டு தடவை வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியக் கூட்டம் ஓய்ந்ததும், ஒரு ஹாடக் மீனையும் கொஞ்சம் மசித்த பட்டாணியையும் பொட்டலம் கட்டிக்கொண்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன். இரக்கம் என்று தெரு நினைத்துக்கொண்டது. நான் மறுக்கவில்லை.

அந்த மார்ச் மாதம் போனபோது, அடுப்பில் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் குழைந்துகொண்டிருந்தன. சன்னல் முழுக்க ஆவி. அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை, அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். கெய்னர் தரையில் மண்டியிட்டு டெஸ்ஸின் காலில் நாலடுக்கு அழுத்தக் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கைதேர்ந்தவள். கணுக்காலில் இறுக்கி, மேலே போகப் போகத் தளர்த்தி, ஒரு சுருக்கம் விழாமல் சுற்றுவாள்.

"நடக்கணும் டெஸ்," என்றாள். "நடந்தாத்தான் கெண்டைச் சதை ரத்தத்தைப் பிழிஞ்சு மேல ஏத்தும். கட்டு பாதி வேலைதான். மீதி உங்க வேலை."

"எங்க நடக்கறது?"

"வீட்டுக்குள்ள."

"வீட்டுக்குள்ள நாலு எட்டு வச்சா அடுப்பு, இன்னும் நாலு வச்சா தெல்மா. ரெண்டும் சூடு, கண்ணு."

அவர் மனைவி தெல்மா சிரிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "கொல்லைக் கதவு வரைக்கும் போகட்டும்," என்றாள். "அதுக்கு அப்பால ஒரு எட்டு வச்சா இந்தப் பொண்ணு வராது. அப்பறம் காலுக்கு யாரு?"

கெய்னர் கட்டின் நுனியை ஒட்டினாள். "தெல்மா, நான் எதையும் பாக்கறதில்ல. பாத்தா எழுதணும். அதனால பாக்கறதில்ல." பிறகு, குரலைத் தாழ்த்தாமல், நல்லவர்கள் கெட்ட செய்தி சொல்வதைப் போலச் சொன்னாள்: "ஆனா இப்படியே உக்காந்திருந்தா புண்ணு உள்ள இறங்கும். எலும்புக்குப் போச்சுன்னா முழங்காலோட எடுக்கச் சொல்லுவாங்க."

தெருவில் பஸ் போயிற்று. அலமாரியில் தட்டுகள் கிலுகிலுத்தன. தெல்மா சன்னல் ஆவியைக் கையால் துடைத்துப் பார்த்தாள்.

"ரீட்டா, அந்த பஸ் இன்னமும் டீன் டாப் வரைக்கும் போகுதா?"

போகிறது என்றேன். அந்த மொட்டை மேட்டில் ஆடுகளைத் தவிர யார் இறங்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்றேன். அவள் மறுபடி அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தால், சீட்டாட்டத்துக்கு, தேவாலயப் பாட்டுக்கு, என் கடை வரிசைக்கு என்று எங்கேயும் தெல்மாவையும் நான் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. நர்சு எப்போது வருவாள் என்று தெரியாது. டெஸ்ஸைத் தனியே விட்டால் எங்கே போவார் என்று தெரியும். அதனால் அவள் காவல் இருந்தாள். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. எனக்கு உறைக்காத விஷயங்களும் உண்டு; குறைவு.

டெஸ் அடங்கவில்லை என்பதைத் தெரு முழுக்க அறியும். கொல்லைக் கதவைத் திறந்து பின் சந்து வழியாகப் புல்தரைக்குப் போய்விடுவார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெல்மா என்று தோன்ற வேண்டுமென்று அவளுடைய ஊதா மழை அங்கியை மாட்டி, தலையை மூடிக்கொண்டு போவார். ஆறடித் தெல்மா. அந்த அங்கியின் கை அவர் முழங்கையைத் தாண்டாது. தெருவுக்கு ஒரு ஏற்பாடும் இருந்தது. கெய்னரின் சிறிய சிவப்புக் கார் என் கடை முனையில் திரும்பினால் நான் கால்மிதியை எடுத்து வாசலில் தட்டுவேன். அதைப் பார்த்து, அவரைத் தடுத்துப் பார்த்துச் சலித்த தெல்மா மாடி சன்னலில் மஞ்சள் துணியை உதறுவாள். அதைப் பார்த்து ஆறடித் தெல்மா சந்துக்குள் நுழைவார். கெய்னர் என் வாசலுக்கு வந்ததும் வேண்டுமென்றே காரை நிறுத்தி, கண்ணாடியில் முகம் பார்த்து உதட்டுச் சாயம் பூசிக்கொள்வாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என் கால்மிதி அந்த வருஷம் போல் சுத்தமாக இருந்ததே இல்லை.

கெய்னர் விடுப்பில் போன வாரம் இந்த ஏற்பாடு உடைந்தது. அவளுக்குப் பதிலாக வந்தவள் புதுசு. காரை மறுபக்கம், புல்தரை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். அங்கே ஊதா அங்கியில் யாரோ குனிந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஆர்மராட் வீடு எது என்று கேட்டாள். டெஸ்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். வழி கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது.

"அதோ, பச்சைக் கதவு, கண்ணு. தட்டினா தெல்மா திறப்பா. அவரு உள்ளதான் இருப்பாரு. பாவம், எங்கயும் போக முடியாத மனுஷன்."

நன்றி சொல்லித் திரும்பியவள், அங்கிக்குக் கீழே கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றியிருந்த கட்டைப் பார்த்தாள். இதை அவள் சொல்லிக் கேட்கவில்லை. டெஸ்ஸே என் கடையில் வரிசையில் நின்று, தன் அழிவைத் தானே நடித்துக்காட்டினார். சிரித்தோம். இனி ஒளிந்து என்ன பயன் என்று நேராக என் கடைக்கு வந்திருக்கிறார் என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு நர்சு வருவது நின்றது. டாக்டர் வைத்திருக்கும் மருத்துவ நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். தெல்மா கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த நர்சு தங்கமானவள். புண்ணைக் கழுவி, சாதாரணத் துணி வைத்து ஒட்டினாள். அழுத்தக் கட்டு தன்னால் போட முடியாது, அதைத் தங்களிடம் யாரும் வாங்கவில்லை என்றாள்.

வாங்கவில்லை என்றால் என்ன என்று எனக்கும் புரிய நாளானது. எங்கள் நாட்டு மருத்துவத்தில் வைத்தியம் செய்பவர்கள் ஒரு கட்சி, அதை ஊருக்காக வாங்குபவர்கள் ஒரு கட்சி. நான் ஃப்ளீட்வுட் துறைமுகத்துக்காரனிடம் இன்ன மீன் இத்தனை பெட்டி என்று சொல்லிவைப்பதைப் போல, இந்த ஊருக்கு இத்தனை நர்சு, இத்தனை கட்டு என்று சொல்லிவைக்க ஒரு குழு. நான் ஹாடக் சொல்லாவிட்டால் ஹாடக் வராது. துறைமுகத்துக்காரனைத் திட்டிப் பயனில்லை. அழுத்தக் கட்டை அவர்கள் வீடடங்கிகளுக்கென்று வாங்கியிருந்தார்கள். நடக்கிறவர்களுக்கு வாங்க மறந்துவிட்டார்கள். நடக்க முடிந்தும் புண் உள்ளவன் என்று ஒருத்தன் இருப்பான் என்பது எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு பிரிவு உண்டு. அதற்கு இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை தெல்மா கட்டினாள். கெய்னர் சுற்றியதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஓரளவு தெரியும். ஓரளவுதான். இறுக்கினால் டெஸ் கத்தினார், தளர்த்தினால் கால் வீங்கியது. ஏப்ரல் முழுக்க மழை. கொடியில் கட்டுத்துணி காயவே இல்லை. அடுப்பின் மேலும் நாற்காலி முதுகிலும் மாடிப்படிக் கம்பியிலும் கட்டுத்துணி. வெள்ளிக்கிழமை நான் போனால் பொட்டலம் வைக்க இடம் இருக்காது. ஒருநாள் டெஸ் மீனைத் தொடவில்லை. இன்னொரு நாள், உள்ளே வரச் சொல்லாமல் தெல்மா வாசலிலேயே பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினேன். அந்த வாடை வாசல் வரை வந்திருந்தது.

அந்த வாரம் கெய்னர் கடைக்கு வந்தாள். சீருடையில் இல்லை. இறைச்சி அடைத்த புட்டிங்கும் குழம்பும் கேட்டாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான் வினிகர் போடவா என்றேன்.

மற்றது தானாக வந்தது. ரொம்ப நாளாக அவளிடம் ஒரு யோசனை இருந்ததாம். ஒரு பெரிய அறை. வாரம் ஒருநாள். வீடடங்கி, நடமாடி என்ற பேதம் இல்லாமல் கால் கெட்டவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். வெந்நீரில் காலைக் கழுவி, கட்டுப்போட்டு, தேநீர் குடித்து, பேசிவிட்டுப் போகலாம். நடந்து வந்தால் கால் ஆறும், பேசினால் மனசு ஆறும். ஒரு நர்சு வீடு வீடாக அலைகிற நேரத்தில் இரண்டு நர்சுகள் முப்பது கால் பார்க்கலாம். எல்லாருக்கும் பிடித்த யோசனை. வாங்கும் குழுவுக்குப் பிடித்தது. ஊரை நிர்வகிக்கும் கவுன்சிலின் பொதுசுகாதாரப் பிரிவுக்குப் பிடித்தது. மெத்தடிஸ்ட் தேவாலயம் கூடத்தைத் தருகிறேன் என்றது.

"அப்ப என்னதான் தடை?"

கெய்னர் முள்கரண்டியால் புட்டிங்கைக் குத்தி ஆவியை வெளியே விட்டாள். "வாளி."

"என்ன வாளி?"

"காலைக் கழுவ வாளி வேணும்ல. வாங்கற குழு சொல்லுது, கூடத்துல வைக்கற வாளி தட்டுமுட்டுச் சாமான், அது கவுன்சிலோடது. கவுன்சில் சொல்லுது, புண்ணு உள்ள கால் முங்குற வாளி மருத்துவக் கருவி, அது மருத்துவத்தோடது. ரெண்டு பேரும் கொள்கையளவுல ஒத்துக்கிட்டாங்க. கூட்டுப் பணின்னு அதுக்குப் பேரு."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சண்டை போட்ட இரண்டு பேரும் போன வருஷம் வரை ஒரே அறையில் அடுத்தடுத்த மேசையில் இருந்தவர்கள். வாங்கும் குழுவில் இருக்கிற ஃபிலிப்பாவும், பொதுசுகாதாரத்தில் இருக்கிற ராய்ஸ்டனும். அரசாங்கம் ஏதோ சீர்திருத்தம் என்று பொதுசுகாதாரத்தைப் பிய்த்துக் கவுன்சிலோடு ஒட்டியதும், ராய்ஸ்டன் தன் பூந்தொட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். முன்பெல்லாம் ஒரு விஷயம் கேட்க நாற்காலியைத் திருப்பினால் போதும். இப்போது அதற்குக் கூட்டம் போட வேண்டியிருந்தது.

ராய்ஸ்டனை எனக்குத் தெரியும். என் கடைக்கு ஒருநாள் வந்து, என் உப்பு டப்பாவில் ஓட்டை அதிகம், ஊருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று சொல்லி, ஓட்டை குறைந்த டப்பா ஒன்றை இலவசமாக வைத்துவிட்டுப் போன மனிதர். மரியாதையாகத்தான் சொன்னார். நான் மரியாதையாக அதைப் பரணில் போட்டேன்.

மே மாதம் தேவாலயக் கூடத்தில் ஒரு கூட்டம் அறிவித்தார்கள். ஊர் மக்களின் குரலைக் கேட்கும் கூட்டம். திங்கட்கிழமை கடை விடுமுறை என்பதால் நான் போனேன்; மற்ற நாளாக இருந்தாலும் போயிருப்பேன். உங்கள் ஆரோக்கியக் கனவு என்ன என்று சுவரில் பெரிதாக எழுதி, கனவை எழுதி ஒட்டுவதற்கு மஞ்சள் ஒட்டுத்தாள்கள் கொடுத்தார்கள். தின்பதற்குக் காரட் துண்டுகளும் கொண்டைக்கடலைத் துவையலும். என் பின்னால் இருந்த ஒருத்தர் தன் கனவு ஒரு இறைச்சி வடை என்று எழுதி ஒட்டினார். ஃபிலிப்பா அதை ஒன்றும் சொல்லாமல் உணவு என்ற தலைப்புக்குக் கீழே நகர்த்தி வைத்தாள். வெட்டின முடி, நல்ல காலணி, களைத்த முகம். ராய்ஸ்டன் பக்கத்தில் நின்றார். இருவரும் கூட்டுப் பணி என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒருவர் சொல்லும்போது மற்றவர் தலையாட்டினார்.

அப்போது கதவு திறந்தது. வெளியே கொட்டுகிற மழை. டெஸ் ஊதா அங்கியில் உள்ளே வந்தார். பின்னாலேயே தெல்மா, தலையில் ஒன்றும் போடாமல், நனைந்துகொண்டு, அவரை இழுத்துப்போக வந்திருந்தாள். அவர் மெதுவாக நடுவரிசை வரை வந்து நின்றார். உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்தார்கள். ஏன் நகர்ந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

"எனக்கு எழுத வராது, கண்ணாடி இல்ல," என்றார். "வாயால சொல்லலாமா?"

சொல்லலாம் என்றாள் ஃபிலிப்பா.

"நான் வீட்டுல கிடந்தா நர்சு வருது, காலு ஆறல. வெளிய நடந்தா காலு ஆறும், நர்சு வராது. எனக்குன்னு நீங்க வாங்கி வச்சிருக்கறது இதுல எது, அம்மா? நர்சா, காலா?"

கிண்டல் இல்லை. வழி கேட்கிற குரலில்தான் கேட்டார். ஃபிலிப்பா ராய்ஸ்டன் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கால் கழுவுற கூடம் ஆரம்பிச்சாச்சுல்ல? உங்ககிட்டதானே இருந்துச்சு."

"உங்ககிட்டன்னு நினைச்சேன்," என்றார் ராய்ஸ்டன். "வாளி விஷயம் முடியணுமே."

பின்வரிசையிலிருந்து கெய்னர், "இன்னும் வாளிலதான் நிக்குது," என்றாள்.

எந்த வாளி என்று தெல்மா என்னைக் கேட்டாள். சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். என் குரல் அப்படி. தெல்மாவின் தலைமயிரிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"ஒரு வாளிக்காகவா," என்றாள். "ஒரு வாளிக்காகவா நான் இந்த ஒரு வருஷமா வீட்டை விட்டு வெளிய வரல?"

எல்லாரும் டெஸ்ஸைப் பார்த்தார்கள், பிறகு தெல்மாவைப் பார்த்தார்கள். டெஸ்ஸும் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கண்டேன். இத்தனை நாள் வீட்டில் ஒரே ஒரு வீடடங்கி என்றுதான் அவர் நினைத்திருந்தார். தெரு நினைத்ததும் அதுவே. நானும்தான்.

நான் எழுந்து வெளியே போனேன். கோபத்தில் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடை இரண்டு கட்டிடம் தள்ளி. மீன் கடையில் மீனைவிட அதிகமாக இருப்பது வாளி. பட்டாணி வாளியில் வரும், குழம்புப் பொடி வாளியில் வரும், வினிகரில் ஊறிய முட்டை வாளியில் வரும். காலியானதைக் கொதிநீரில் கழுவி, நறுக்கிய உருளைக்கிழங்கை ஊறப்போடுவேன். கழுவி அடுக்கியிருந்ததில் கை கொள்ளும் மட்டும் எடுத்துக்கொண்டு மழையில் திரும்பி வந்தேன். கூடத்தின் நடுவில், காரட் மேசைக்கு முன்னால், அதை வைத்தேன். சத்தம் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது.

"இது தட்டுமுட்டும் இல்ல, கருவியும் இல்ல," என்றேன். "இது என்னோடது."

ராய்ஸ்டன் குனிந்து மேல் வாளியைப் பார்த்தார். வினிகர் முட்டை என்ற சீட்டு அதில் இன்னும் ஒட்டியிருந்தது. "கிருமி ஒட்டாம இருக்கணுமே," என்றார், மெதுவாக. மறுக்கிற குரல் இல்லை அது. யோசிக்கிற குரல்.

"உள்ள ஒவ்வொருத்தருக்கும் புது பிளாஸ்டிக் பை போட்டுக்கலாம்," என்றாள் கெய்னர். "கால் வாளியைத் தொடவே தொடாது. இதை நான் போன வருஷமே சொன்னேன்."

"அந்தப் பை எங்க கணக்குல வருமே," என்று ஃபிலிப்பா சொன்னாள். கட்டுத்துணியோடு சேர்ந்து வரும் பை அது. சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் வியந்தாள். கட்டையும் நர்சையும் இனி கூடத்துக்கும் சேர்த்து வாங்க முடியுமா என்று ராய்ஸ்டன் கேட்டார். அதற்கு ஒரு குழு கூடி முடிவெடுக்க வேண்டும் என்றாள் அவள். பிறகு டெஸ்ஸின் காலைப் பார்த்தாள். குழுவை அடுத்த வாரமே கூட்டுவேன் என்றாள். அப்படியென்றால் கூடத்துக்கும் வெந்நீருக்கும் நான் பொறுப்பு என்றார் அவர். பக்கத்து மேசையில் இருந்த காலத்தில் இருவரும் இப்படித்தான் பேசியிருப்பார்கள் போல. சுவரில் ஒட்டியிருந்த கனவுகளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ராய்ஸ்டன் என்னிடம் வந்து, "ரொம்ப நன்றி ரீட்டா," என்றார். "ஒண்ணு கேக்கலாமா? அந்த உப்பு டப்பா..."

"என் வாளியை நீங்க எடுத்துக்கிட்டீங்க," என்றேன். "உங்க டப்பாவை நான் எடுத்துக்கறேன். கூட்டுப் பணி."

எல்லாம் மறுநாளே நடந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன். குழு கூடியது, இன்னொரு குழு கூடியது. காப்பீடு என்று ஒரு பூதம் வந்து போயிற்று. நடுவில் டெஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்து, எல்லோரும் பயந்து, ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்து அனுப்பினார்கள். கால் போகவில்லை. எலும்பு வரை போகாமல் பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்த சில நாட்களில், ஒரு செவ்வாய்க்கிழமை, கூடம் திறந்தது.

முதல் நாள் ஆறேழு பேர். அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை பேர் நீளக் காலுறைக்குள் புண்ணை மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியவந்தது. எனக்கே தெரியாதவர்கள் இருந்தார்கள். அது எனக்குச் சற்று அவமானம்தான். எல்லாம் செருப்பு ஆலைக் கால்கள், நெசவு ஆலைக் கால்கள், பள்ளிக்கூடச் சமையலறைக் கால்கள். வரிசையாக உட்கார்ந்து, பட்டாணியிலும் குழம்பிலும் காலை விட்டுக்கொண்டு, எதிரும் புதிருமாகக் கத்திப் பேசுவார்கள். அங்கே போனால் கடைக்கு வேண்டிய செய்தி ஒரு வாரத்துக்குத் தேறும். தேநீர் ஊற்ற நானே முன்வந்தேன். இரக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

டெஸ் எப்போதும் வினிகர் முட்டையில்தான் கால் வைப்பார். வேறு யாராவது அந்த வாளியை எடுத்துவிட்டால் காத்திருப்பார். புல்தரையைச் சுற்றி நடந்து, அங்கிருந்து கூடத்துக்கு நடந்து, திரும்ப நடந்து, ஆகஸ்டில் உள்ளங்கை பிஸ்கட்டாகச் சுருங்கியது. பருவம் முடிவதற்குள் ஒரு ஆட்டமும் ஆடினார். தோற்றார். பந்தைக் குறை சொன்னார்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய். கூடத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டே டெஸ்ஸிடம், தெல்மா எங்கே, இப்போதெல்லாம் உன்னோடு வருவதே இல்லையே என்றேன். காலையில் அவள் என் கடையைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்குப் போனதைப் பார்த்திருந்தேன். உதட்டில் சாயம். ஊதா மழை அங்கி, அது இப்போது அவளுக்கே திரும்பிவிட்டது.

"வெளிய போயிருக்கா."

"வெளியன்னா?"

"வெளியன்னா வெளிய. செவ்வாய்க்கிழமை போவா. சாயங்காலம் வருவா."

"எங்கன்னு நீ கேக்கல?"

டெஸ் வாளிக்குள் விரல்களை விரித்து மடக்கினார். வெந்நீர் தளும்பியது. "கேக்கல," என்றார். "எங்க போறே, எப்ப வருவேன்னு ஒரு வருஷம் ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேட்டாச்சு, ரீட்டா. போதும்."

கெய்னர் அவர் காலை எடுத்துத் துண்டில் வைத்தாள். புண் பொத்தான் அளவுதான் இருந்தது. கூடத்துக்கு வெளியே, டீன் டாப் மேட்டுக்குப் போகிற பஸ் முக்கிக்கொண்டு ஏறியது. தேநீர்க் கோப்பைகள் கிலுகிலுத்தன. அந்த மேட்டில் என்ன இருக்கிறது, அவள் அங்கே யாரைப் பார்க்கிறாள், இல்லை யாரையும் பார்க்காமல்தான் வருகிறாளா, எனக்குத் தெரியாது. திரும்பி வந்து என் கடையில் இரண்டு மீன் வாங்கும்போது அவள் முகத்தில் காற்றுப்பட்ட சிவப்பு இருக்கும். வினிகர் போடவா என்று கேட்கிறேன்.

போடு என்கிறாள். அவ்வளவுதான் சொல்கிறாள்.